பூட்டுக்காரர் நவியம் கண்ட படலம்

வாழ்க, ஒரே பகலில் எழுபது பூட்டுகளின் வாய் திறந்த விரல்வித்தகன்! வாழ்க, சாவி தொலைத்தோர் சரண்புகும் சிறுகடைக்கு இறைவன், மூக்குக்கண்ணாடி தாங்கிய முழுமதி முகத்தான், கதைநூல் கையிலிருக்க அகராதியைக் கனவிலும் தீண்டேன் எனச் சூளுரைத்த சூரன்! சொற்களுக்கெல்லாம் தாயே, அவன் ஒற்றைச் சொல்லோடு பொருத கதையைச் சொல்ல எனக்கு மூச்சுப் பிடிக்கும் வலிமை அருள்வாயாக!

"கதைங்கறது ஓடுற பஸ்சு. தெரியாத வார்த்தைக்கெல்லாம் இறங்கி நின்னா ஊர் போய்ச் சேர முடியுமா?" என்று முந்தின நாள்தான் அவன் முழங்கியிருந்தான்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியையாகிய மனையாளோ, சிவப்பு மை படிந்த விரலை வாளென உயர்த்தி, "தெரியாத ஊர்ல இறங்கிட்டு என்கிட்ட வழி கேட்டு வராதீங்க" என்று எதிர்முழக்கம் செய்திருந்தாள்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனதும், அவள் சென்ற மாதம் படித்து முடித்த நாவலின் இறுதி அத்தியாயத்துள் யானைபோல் புகுந்தான் வீரன். பன்னிரண்டு ஆண்டு பிரிந்திருந்த கணவன் வாசலில் நிற்க, நாயகி 'நவியத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.'

நவியம்! குன்றெனக் குறுக்கே நின்றது அச்சொல். அவனோ அஞ்சினானல்லன். புதுச் சால்வையாகத்தான் இருக்கும் என்று ஊகமென்னும் வேலினை வீசி, குளிரில் வந்தவனுக்குப் போர்த்தப்போகிறாளே பேதை என்று கண்ணீர் உகுத்து, பக்கத்தைப் புரட்டினான்.

அங்கே கணவன் செத்துக் கிடந்தான்.

சால்வையால் மாண்டோர் உலகில் உண்டோ? கம்பளிமேல் கம்பளி சுற்றியும் கல்லுப்போல் உலவிய மாமனாரை அவன் கண்டதில்லையா? சூளுரை கழுத்தைப் பிடித்தது, ஆர்வமோ காலைப் பிடித்து இழுத்தது. குளியலறையில் வாளிநீர் போர்ப்பறையாய் அதிர, கால் ஆடும் நாற்காலியென்னும் தேரேறி, அலமாரியுச்சிக் கோட்டையில் துயின்ற ஆயிரத்திருநூறு பக்க அகராதியை இருகையால் பற்றினான். படை கிளப்பிய புழுதியெனத் தூசி எழுந்தது. மும்முறை தும்மினான், ஆயினும் பின்வாங்கினானல்லன். 'ந' எழுத்து வரிசையுள் புகுந்தான், நவமணி கடந்தான், கண்டான்: நவியம் என்பது கோடாலி!

"ஐயய்யோ, கோடாலியா!"

பறை நின்றது. கதவு திறந்தது. தலையில் துண்டோடு தோன்றினாள் மனையாள்.

"அங்க ஏறி என்ன பண்றீங்க?"

"ஒட்டடை அடிக்கிறேன்!" என்று நாற்றிசையும் கேட்கப் பிரகடனம் செய்தான் பெருவீரன். அக்கணமே தேர் சாய்ந்தது. ஆயிரத்திருநூறு பக்கங்களும் அவன் கால் பெருவிரல்மேல் இடியென இறங்கின.

அவள் ஓடிவந்து தரையில் அமர்ந்து அவ்விரலை மடியில் ஏந்தினாள். "எந்த வார்த்தைக்குங்க இந்தப் பாடு?"

"நவியம். கோடாலியாம்."

அவள் வாய் பிளந்தாள். "கோடாலியா? நான் விளக்குன்னுல்ல நெனச்சேன்! வெளிச்சத்துல அவ மூஞ்சியப் பார்த்து அதிர்ச்சியில செத்துட்டான்னு விட்டுட்டேன்."

"அப்போ நீயும் பார்க்கலையா?"

"கதை நல்லா போய்க்கிட்டு இருந்துச்சுங்க. யாரு எந்திரிப்பா?"

இருவர் சிரிப்பும் கூரையைப் பிளந்து, முகில் கிழித்து, விண்ணவர் செவியில் வெற்றிமுரசமாய் விழ, வென்றவர் எவர், தோற்றவர் எவர் என்று திசைகள் எட்டும் திகைத்து நின்றன.

அன்று முழுக்கப் பூட்டுக்காரர் காலில் செருப்பு நுழையவில்லை.