இசோபேயின் இருபது நிமிஷம்

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள மனிதனுக்கு ஒரு நொடி போதும். இசோபே அதற்கு மூன்று கூட்டங்கள் நடத்தினார். தேநீர் வேறு வைத்தார்.

டொபாட்டாவில் அவர் வேலை பார்த்த வால்வு தொழிற்சாலைக்கு ஐம்பது வயது நிறைந்தது. ஊழியர் எல்லாருக்கும் ஒரு நினைவுப் பரிசு தர வேண்டும் என்றார் முதலாளி. பொது நிர்வாகப் பிரிவுக்குத் தலைவர் என்பதால் அந்தப் பொறுப்பு இசோபேயிடம் வந்தது. துண்டு கொடுத்துவிடலாம் என்றார் கணக்குப் பிரிவின் குரோகி அம்மாள். முப்பதாம் ஆண்டுக்கும் துண்டுதான், நாற்பதாம் ஆண்டுக்கும் துண்டுதான். இசோபேயின் வீட்டு அலமாரியில் அவை இன்னும் பிரிக்காமல் கிடந்தன. மூன்றாவது முறையும் துண்டோடு வீட்டுக்குப் போனால் மனைவி மிசாவோ என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். எனவே எழுந்து நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டார்.

"கடிகாரம் கொடுப்போம். சாதாக் கடிகாரம் இல்ல, தன்னைத் தானே திருத்திக்கிற கடிகாரம். மலை உச்சியில அணுக் கடிகாரம் ஒண்ணு இருக்கு. அது அலை அனுப்பும், இது கேட்டு நடக்கும். லட்சம் வருஷத்துக்கு ஒரு வினாடி கூடத் தப்பாது."

"சொன்னதைக் கேட்டு நடக்குமா? அப்போ கல்யாணமான கடிகாரம்னு சொல்லுங்க" என்றார் குரோகி அம்மாள்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. நேரம் தவறாமைதான் இந்தக் கம்பெனியின் உயிர் என்றார். ஊழியர்களுக்கு மட்டுமல்ல, தொழிற்சாலையின் எல்லாச் சுவருக்கும் அதே கடிகாரத்தை வாங்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். இசோபே குனிந்து வணங்கினார்.

அன்று மாலை படகில் வீட்டுப் பக்கக் கரைக்கு வந்து துறையில் இறங்கி, வழக்கம்போல யசுனாகா மதுக்கடையில் நின்று முதல் மடக்கைக் குடித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. கிளாஸ் கையிலேயே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். தொழிற்சாலையின் பழைய சுவர்க் கடிகாரம் தூங்கி வழியும். வாகாமாட்சுவில் அவர் வீட்டுக் கடிகாரமோ கால் தரையில் பாவாமல் ஓடும். ஒன்று எவ்வளவு பின்னால், மற்றது எவ்வளவு முன்னால் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. "ஏங்க இவ்வளவு நேரம்?" என்று மிசாவோ கேட்டால், "எங்க கடிகாரம் ஸ்லோ, உன் கடிகாரம் ஃபாஸ்ட்" என்பார். பேச்சு அதோடு முடியும். அந்த இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவிலிருந்த சந்தில், யசுனாகா கடைப் பலகை ஓரம் நின்றபடி, மனிதர் தினமும் இருபது நிமிஷம் வாழ்ந்துகொண்டிருந்தார்.

ஒரு கிளாஸ் சாக்கே, குழம்பில் ஊறிய ஒரு துண்டு முள்ளங்கி. வேறொன்றும் இல்லை. ஆபீஸில் அவர் தலைவர், வீட்டில் கணவர். அந்த இருபது நிமிஷத்தில் மட்டும் அவர் யாருமே இல்லை. அந்தச் சுகம் அவருக்கு முதலாளி தரும் போனஸை விடப் பெரிது. அதைத்தான் மூன்று கூட்டம் போட்டு அடைத்துவிட்டு வந்திருந்தார்.

கடிகாரங்கள் வந்தன. தொழிற்சாலையில் மாட்டியாயிற்று. வீட்டில் சமையலறைச் சுவரில் மிசாவோவே ஆணி அடித்து மாட்டினாள். அலை பிடித்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு சின்னப் பச்சை விளக்கு சிமிட்டியது. இனி ஆபீஸும் வீடும் ஒரே வினாடியில் மூச்சு விடும். படகு என்றைக்குமே நேரம் தவறியதில்லை. நடுவில் தவறுவதற்கு மிச்சமிருந்தது இசோபே ஒருவர்தான்.

முதல் நாள் துணிந்து ஒரு கிளாஸ் போட்டுவிட்டு வந்தார்.

"ஆபீஸ் எத்தனை மணிக்கு விட்டாங்க?" என்றாள் மிசாவோ, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அஞ்சரைக்கு."

"படகு லேட்டா?"

"படகு என்னிக்கு லேட்டாச்சு?"

"அப்போ நீங்க எங்க லேட்டானீங்க?"

"மெதுவா நடந்தேன். முட்டி வலி."

"எந்த முட்டி?"

"இடது."

"போன மாசம் மலையேறக் கூப்பிட்டப்ப வலதுன்னீங்க."

"ரெண்டும்தான்."

அன்றைக்கு அவருடைய இரண்டு முழங்காலிலும் மருந்துப் பட்டை ஒட்டப்பட்டது. விடிந்து பிய்த்தபோது முடியும் சேர்ந்து வந்தது.

மறுநாளிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். வந்து என்ன செய்ய? சாதம் வெந்திருக்காது. குளிக்கத் தண்ணீர் சுட்டிருக்காது. சமையலறை வாசலில் குடை மாதிரி நிற்பார்.

"சும்மாத்தானே நிக்கிறீங்க, தொட்டியைத் தேய்ச்சுடுங்களேன்."

தேய்த்தார். அடுத்த நாள் பழைய பேப்பரைக் கட்டுக் கட்டினார். அதற்கடுத்த நாள் துணி மடித்தார். துறையில் இறங்கும்போது யசுனாகா அம்மாள் கடை வாசலிலிருந்து, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார். இப்படி ஒரு வாரம் போனது. அவருக்கு வயது ஐந்து கூடினாற்போல ஆகிவிட்டது.

விடிவு குரோகி அம்மாள் வாயிலிருந்து வந்தது.

"நீங்க கொடுத்த கடிகாரம் எங்க வீட்டுல வேலைக்கு ஆகலை சார். எங்க வீட்டுக்காரர் அதைக் கொண்டு போய் அடுப்புப் பக்கம் மாட்டிட்டார். எண்ணெய் தெறிக்காம இருக்க அங்க அலுமினியத் தாள் ஒட்டியிருக்கோம். அலையே வரலை."

"வரலேன்னா?"

"சாதாக் கடிகாரம்தான். பாட்டரியில ஓடுது."

"கையால முள்ளைத் திருப்பலாமா?"

"திருப்பலாமே."

"தப்பா வெச்சா?"

"தப்பாவே ஓடும். ஏன் சார், கண்ணு இப்படி மின்னுது?"

ஞாயிற்றுக்கிழமை மிசாவோ முடி வெட்டிக்கொள்ளப் போனாள். இசோபே கடிகாரத்தை இறக்கினார். சமையலறைச் சுருளிலிருந்து அலுமினியத் தாளைக் கிழித்து அதன் முதுகில் இரண்டு சுற்றுச் சுற்றினார். பச்சை விளக்கு அணைந்தது. முள்ளை இருபது நிமிஷம் பின்னால் தள்ளி மறுபடி மாட்டினார். முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அன்று முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே இருந்தார்.

திங்கள் மாலை யசுனாகா கடையில் நிம்மதியாக முள்ளங்கி தின்றார். வீட்டுக்குள் நுழைந்தபோது கடிகாரம் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"டாண்ணு வந்துட்டீங்க" என்றாள் மிசாவோ.

"பின்னே? இந்தக் கடிகாரம் பொய் சொல்லாது."

"சொல்லாது" என்றாள் அவள். கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மீனைத் திருப்பிப் போட்டாள்.

செவ்வாய்க் காலை இசோபே எழுந்தபோது சமையலறை இருட்டாக இருந்தது. சூப் கொதிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பா கழுவியபடி கவிழ்ந்து கிடந்தது. மிசாவோ போர்வைக்குள் இருந்தாள்.

"மிசாவோ, நேரமாச்சு."

"என்ன நேரம்?"

அவர் வாயைத் திறந்தார். சரியான நேரம் நாக்கு நுனி வரை வந்தது. அப்படியே விழுங்கினார்.

"எழுந்திருக்கிற நேரம்."

"அலாரம் அடிக்கலையே. நேத்து அதைச் சுவர்க் கடிகாரத்தோட வெச்சுப் பார்த்தேன். இருபது நிமிஷம் ஃபாஸ்ட்டா இருந்துச்சுங்க. பழசுதானே, பாவம். சரி பண்ணிட்டேன்."

"அது வந்து..."

"லட்சம் வருஷத்துக்கு ஒரு வினாடி தப்பாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்போ தூங்கறேன்."

அவள் தூங்கினாள். படகு தூங்கவில்லை. அது ஊர் நேரத்துக்குத்தான் போகும். இசோபே வெறும் வயிற்றோடு ஓடி, துறைக்கு எதிரேயிருந்த கடையில் ஒரு சோற்று உருண்டை வாங்கி, படகிலேயே நின்று தின்றார்.

புதன்கிழமை அவர் டை கட்டிக்கொண்டிருந்தபோது மிசாவோ கொட்டாவி விட்டபடி வந்து டிவியைப் போட்டாள். செய்தியின் மூலையில் மணி தெரிந்தது.

"டிவியில ஏழு அஞ்சுங்கறான்."

"ம்."

"நம்மளது ஆறே முக்கால்தானே காட்டுது?"

"ம்."

"டிவிக்காரன்தான் தப்பு, இல்லீங்களா?"

இசோபே டையை இறுக்கினார். கழுத்து கொஞ்சம் நெரிபட்டது.

"அவசரப்படறான் போல."

"நாடு பூராவும் பார்க்கறது. ஒரு போன் பண்ணிச் சொல்லக்கூடாதா?"

"சொல்றேன்."

"சரி, நீங்க ஏன் ஓடறீங்க? படகுக்குத்தான் இன்னும் நேரம் இருக்கே."

"ஓடலை. வேகமா நடக்கறேன். முட்டிக்கு நல்லதாம்."

மாலையும் பழையபடி இல்லை. கடையில் இருபது நிமிஷம் நின்றுவிட்டு வந்தால், வீட்டில் சாப்பாடு சுவர்க் கடிகாரப்படி இருபது நிமிஷம் தள்ளியே வந்தது. குளியலும் அப்படியே. குளித்து வந்ததும் அவர் பார்க்கும் குத்துச்சண்டை டிவியில் முக்கால்வாசி முடிந்திருந்தது. தட்டிக் கேட்கவும் முடியாது. கேட்டால் கடிகாரம் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கடிகாரம் தப்பு என்றால் ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும். மாலையில் திருடியதை அவள் காலையிலும் இரவிலுமாகத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவரே சூப் வைத்தார். முட்டையைச் சுருட்டப் பார்த்தார், அது கிழிந்தது. டப்பாவில் சோற்றை அடைத்து நடுவில் உப்பில் ஊறிய ஒரு பிளம் பழத்தை அழுத்தினார். ஒரு ஆளுக்கு மட்டும் சூப் வைப்பது எப்படி என்று தெரியாததால் மிசாவோவுக்கும் மிச்சம் இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் விமரிசனம் சொன்னாள்.

"சூப் பரவாயில்லை. உப்புதான் தூக்கல்."

இசோபேக்கு எல்லாம் வெறுத்துப்போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கிளாஸுக்காக இவ்வளவு பாடா என்று இருந்தது. நேராக வீட்டுக்கு வந்து துணி மடிப்பதே மேல். அப்போதாவது காலையில் சூடாகச் சாப்பாடு கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மிசாவோ பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கடிகாரத்தை இறக்கி, மேஜையில் கவிழ்த்து, அலுமினியத் தாளை உரித்தார். அது அவர் எதிர்பார்த்ததை விட அதிகமாகச் சத்தம் போட்டது. நிமிர்ந்தால் வாசலில் காலிக் கூடையோடு மிசாவோ.

"என்ன பண்றீங்க?"

"தூசி தட்டறேன்."

"பளபளன்னு இருக்கே தூசி."

இசோபே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"தினம் யசுனாகா கடையில நின்னு ஒரு கிளாஸ் குடிக்கறேன், மிசாவோ. சில நாள் ரெண்டு."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நம்ம வீட்டுக்கு சோயா சாஸ் கொண்டு வந்து போடறது யாரு? அந்தக் கடைக்காரம்மாதானே. வர்றப்போல்லாம் நீங்க என்ன தின்னீங்க, எத்தனை கிளாஸ் போட்டீங்கன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. அதை வெச்சுத்தான் உங்களுக்கு நான் சோறே அளந்து போடறேன்."

"அப்போ பழைய கடிகாரம் ஃபாஸ்ட்டா ஓடினது..."

"அது தானா எங்க ஓடுச்சு? நான் தள்ளி வெச்சது. நீங்க ரெண்டாவது கிளாஸ் ஆரம்பிச்சதும் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். வாசல்ல வந்து நின்னு சொல்றதுக்கு உங்களுக்கும் ஒரு காரணம் வேணுமே."

இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் அவர் ஒதுங்கி நின்ற சந்தை இவள்தான் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும் போலவும் இருந்தது. மேஜை மேல் பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. முள் விறுவிறுவென்று ஓடி, விட்ட இருபது நிமிஷத்தையும் பிடித்து, சரியான இடத்தில் போய் நின்றது.

"சரியாயிடுச்சு" என்றார் அவர், இழவு வீட்டில் பேசுகிற குரலில். "நாளையிலேர்ந்து நேரா வீட்டுக்கு வந்துடறேன்."

மிசாவோ உள்ளே போனாள். அலுமினியச் சுருளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"திரும்பச் சுத்துங்க."

"எதுக்கு?"

"சொல்றேன்ல. இந்தத் தடவை முள்ளை அரை மணி பின்னால வெச்சுச் சுத்துங்க. காலையில இருபது நிமிஷம் எனக்குப் போதலை."