கடலோரத்தில் இரண்டு நாள்

"பணம் செலுத்த இயலவில்லை" என்று கைபேசி மூன்றாம் தடவையும் சொன்னபோது உஷாருக்கு வியர்த்துவிட்டது.

அலுவலகத்தில் அவருக்கு 'உஷார்' என்றுதான் பட்டப்பெயர். அடுத்தவர் பெயரில் புகுந்து ஏமாற்றுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுப்பது அவர் வேலை. காரணமில்லாமல் கார்டு முடங்கினால் எவனோ கைவைத்துவிட்டான் என்று அர்த்தம். இதைத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

பன்னிரண்டு மணிக்குள் மீதிப் பணம் போகாவிட்டால் கடலோர விடுதியில் அறை கைநழுவிவிடும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மனைவியோடு போகப்போகும் முதல் பயணம். நேற்று முன்பணம் கட்டியதிலிருந்து மனிதர் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளிடம் மூச்சு விடவில்லை.

"ஏங்க, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?" வெளியே போய்விட்டு அப்போதுதான் வந்த மனைவி கேட்டாள்.

"ஆபீஸ் விஷயம்."

"எதுவா இருந்தாலும் பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல."

கதவைச் சாத்திக்கொண்டு வங்கிக்குப் போன் போட்டார்.

"நீங்க படிச்ச முதல் பள்ளிக்கூடம் எது சார்?"

உண்மையைச் சொன்னால் திருடன் கண்டுபிடித்துவிடுவான் என்று கணக்குத் தொடங்கிய அன்றைக்கு ஒரு பொய்யை எழுதிக்கொடுத்திருந்தார். என்ன பொய் என்பதுதான் மறந்துவிட்டது.

"மாட்டுக்கொட்டகை."

"இல்ல சார்."

"சந்திர மண்டலம்."

"இல்ல சார்."

"எங்கப்பன் தலை."

அதுவும் இல்லை. மூன்று தப்பு ஆனதால் போன் வழியும் அடைபட்டது.

வங்கிக்கு ஓடினார். முடக்கத்தை நீக்கக் கொடுத்த விண்ணப்பத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. எப்படி ஒத்துப்போகும்? யாரும் பார்த்துப் போட்டுவிடக் கூடாதென்று அவர்தான் ஆறு மாதத்துக்கொரு தடவை அதை மாற்றிக்கொண்டிருந்தாரே.

"நிஜமாவே நீங்கதானா சார்?" என்றாள் அதிகாரி.

"நான்தாம்மா நான்."

"வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

காவலாளி நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மணி பதினொன்றே முக்கால்.

"என் பேர்ல எவனோ புகுந்துட்டாம்மா. பாவம், என் வீட்டுக்காரி கடலையே பார்த்ததில்ல."  உஷாருக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

அதிகாரி திரையிலிருந்த படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அஞ்சு நிமிஷம் இருங்க, பணம் போயிடும். உங்க கூட்டுக் கணக்கை முடக்கினது திருடன் இல்ல சார், உங்க வீட்டம்மா. செலவுத் தகவல் அவங்க போனுக்கும் போகணும்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"அவ எதுக்கும்மா முடக்கணும்?"

பதில் வாசலிலிருந்து வந்தது.

"காலையில கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நின்னாங்க சார்," என்றார் காவலாளி. "'அவர்கிட்ட சொல்லிடாதீங்க, வகுப்பெடுக்கிற மனுஷன், ஒடிஞ்சு போயிடுவாரு. ஆனா இருபத்திரண்டு வருஷமா என்னைத் தெருமுனைக்குக்கூடக் கூட்டிட்டுப் போகாதவரு கடலோரத்துல ரெண்டு பேருக்கு ரூம் போட்டிருக்காருன்னா, அது சத்தியமா எங்க வீட்டுக்காரர் இல்ல'ன்னாங்க."