மூன்றெழுத்துக்கு வந்த கூட்டம்

"ஞாயிறு, மாலை ஐந்து மணி. தலைப்பு: டிரான்ஸ்ஃபர் ஆர்.என்.ஏ. கையெழுத்துகள் நாற்பத்தொன்று. தலைப்பு புரிந்து வந்தவர் ஒருவருமில்லை."

மாதுங்காவில் எங்கள் தமிழ் வாசகசாலையின் கூட்டக் குறிப்பேட்டில் என் கையாலேயே எழுதிய பதிவு இது. மாதம் ஜூலை. வருடம் 1984 அல்லது 85. கடைசி இலக்கத்தின் மேல் மழைத்தண்ணீர் சொட்டிவிட்டது. இரண்டு வருடத்துக் காலண்டர்களையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் ஜூலையில் ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.

பம்பாய்த் தமிழர்களை உயிரணுவுக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒருவரையும் தொலைக்காமல் திரும்பக் கூட்டி வந்த ஒரே மனிதர் குடுவை பாய். சயான் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் காயவைப்பது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஜாகை தாராவியில். பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. பேராசிரியர்கள் விட்டுப்போன கரும்பலகைகளைப் படித்தே உயிரியல் கற்றார். பலகையை அழிக்கிற வேலையும் அவருடையதுதான் என்பதால், படித்து முடிக்கும்வரை அழிக்க மாட்டார். அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும்.

உயிரியலில் அவருக்குப் பிடித்த ஒரே ஆசாமி டிரான்ஸ்ஃபர் ஆர்.என்.ஏ.

"எல்லாவனும் டி.என்.ஏ.யத்தான் கொண்டாடுதான். அது பீரோவுக்குள்ள கெடக்க ஃபைலு. மூட்டை தூக்குதவன் யாரு? அதச் சொல்ல ஆளில்ல."

அந்த மூட்டை தூக்குகிறவனுக்குக் கம்பியில் ஒரு உருவம் செய்தார். மூன்றடி உயரம், தலைகீழான ‘எல்’ எழுத்து மாதிரி வளைவு. கீழ் முனையில் மூன்று வண்ண மணிகள், மேல் முனையில் ஒரு கொக்கி. குர்லா ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் அதற்கு லக்கேஜ் சீட்டு கேட்டார்.

"யே லக்கேஜ் நஹீ சாப். லக்கேஜ் உட்டானேவாலா," என்றார் பாய். இது சுமையல்ல, சுமக்கிறவன்.

"தோ ஃபிர் பில்லா திகாவ்." அப்படியானால் சுமைகூலிக்காரர்கள் கையில் கட்டும் பித்தளை வில்லையைக் காட்டு.

பாய் அசரவில்லை. அந்த மூன்று மணிகளைக் காட்டி, "யஹீச் பில்லா," என்றார், இதுதான் வில்லை என்று. அரை மணி நேரத்தில் இருபது அமினோ அமிலங்களும் பரிசோதகருக்கு அறிமுகமாகிவிட்டன. கடைசியில் அவரே கம்பியைத் தூக்கி வண்டிக்குள் வைத்து, பாயையும் ஏற்றி அனுப்பினார்.

மாதம் ஒரு ஞாயிறு வாசகசாலையில் தமிழில் அறிவியல் பேச வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கினார் பாய். முதல் கூட்டத்துக்கு ஏழு பேர். இரண்டாவதற்கு நான்கு, காவலாளியையும் சேர்த்து. காவலாளி நேபாளி. எங்கள் செயலாளர், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி, பொறுமை இழந்தார்.

"ஓய் பாய், இந்தத் தடவை இருபத்தஞ்சு பேர் வரலைன்னா ஹாலைப் புடவைக் கண்காட்சிக்குக் கொடுத்துடுவேன். அதுக்குன்னா நிக்க இடமில்லாம வரா."

"வருவாவ சார்."

"யார் வருவா?"

"யாருக்குத் தேவையோ அவிய வருவாவ."

"வயசுப் பசங்களுக்குத் தமிழ் படிக்கவே வரலை. போஸ்டர்ல தலைப்பையாவது இங்கிலீஷ்ல எழுதுங்கோ."

எழுதினார். கையில் கிடைத்தது சிவப்புப் பெயின்ட். தலைப்பு இங்கிலீஷில், கொட்டை எழுத்தில். அதே அளவில் இடமும் நேரமும். மற்ற விளக்கமெல்லாம் தமிழில், பொடி எழுத்தில். பத்துப் போஸ்டர்களையும் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரே சுவரில் ஒட்டினார்.

அந்தச் சுவருக்கு எதிரே, தமிழர்கள் நிறைந்த ஓர் அலுவலகம். அதன் மேனேஜரை ஊழியர்கள் முதலெழுத்துகளால்தான் சொல்வார்கள்: ஆர்.என்.ஏ. காலை பத்தடித்த மறு நிமிடம் வருகைப் பதிவேட்டை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். ரயில் தாமதம் என்பதை அவர் ஒரு வதந்தியாகவே கருதினார். அவருடைய ஊழியர்கள் ரயிலை விட்டு இறங்கிப் பார்த்தால், சுவர் முழுக்கச் சிவப்பில் ‘டிரான்ஸ்ஃபர் ஆர்.என்.ஏ.’ ஆர்.என்.ஏ.வை மாற்று என்றுதானே படிப்பார்கள்.

ஞாயிறன்று கொட்டுகிற மழையில் முப்பத்தைந்து குடைகள் வந்தன. எங்கள் பழைய ஆட்கள் ஐந்து பேர். செயலாளர் மாடியிலிருந்து பெஞ்சு இறக்கச் சொன்னார். யூனியன் தலைவர், செம்பூரைச் சேர்ந்த தாடிக்காரர், முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்த ஆர்.என்.ஏ. ரொம்பச் சின்ன ஆளு," என்று பாய் ஆரம்பித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"ஆனா அவன் இல்லாட்டி ஒரு வேலையும் நடக்காது."

கைதட்டல் இல்லை. தாடிக்காரர் எழுந்தார். "பாய், நீங்க எந்த யூனியன்?"

குழப்பம் தெளிய ஐந்து நிமிடம் ஆனது. நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. செயலாளரின் கண்ணில் புடவைகள் தெரிந்தன. பாய் கம்பி உருவத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாசலை அடைத்து நின்றார்.

"வந்தது வந்துட்டிய. ஒரே ஒரு புரதத்தச் செஞ்சு முடிச்சிட்டுப் போங்க. அதுக்குள்ள மழையும் விட்டுரும்."

அங்கேயே, வாசலில் நின்றபடியே பேசினார். "செய்தி ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. அது ஆர்டர் சீட்டு. மூணு மூணு எழுத்தா படிக்கணும். இவன் கால்ல உள்ள மூணெழுத்து அதோட பொருந்துச்சுன்னா, தோள்ல உள்ள சரக்க எறக்கிட்டுப் போயிருவான். சரக்கோட சரக்கு கோத்தா புரதம்."

தாடிக்காரர் உட்காரவில்லை. "தப்பான சரக்க ஏத்தியிருந்தா? யாருக்கு மெமோ?"

"எறக்குத எடத்துல மூணெழுத்தத்தான் பாப்பாவ, சரக்கப் பாக்க மாட்டாவ. ஏத்தி விட்டவன்தான் பொறுப்பு. அதுக்குன்னே தனித்தனியா என்சைம் இருக்கு."

"கேட்டுக்கிட்டீங்களா? தூக்குறவன் மேல பழி இல்ல," என்று தாடிக்காரர் பின்பக்கம் திரும்பிச் சொன்னார். ஹால் ஆமோதித்தது. "சரி, வேலை எப்ப நிக்கும்?"

"சீட்டுல ‘நிறுத்து’ன்னு மூணு சொல்லு உண்டு. அதுகளுக்குப் பொருத்தமா ஒரு சுமைக்காரனும் கெடையாது. அது வந்தா ஒருத்தனும் வரமாட்டான். வேலை நின்னுரும்."

தாடிக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். "அது ஸ்ட்ரைக்கு, பாய்," என்றார், கண் கலங்கி.

"ஸ்ட்ரைக்கு இல்லவே. புரதம் முழுசாயிட்டு. அதான் விடுதாவ."

ஆறரைக்கு மழை விட்டது. ஏழு மணிக்குத்தான் முதல் ஆள் எழுந்தார். செயலாளர் புடவைக்காரருக்கு மறுநாளே ஆள் அனுப்பி, ஹால் இல்லை என்று சொல்லிவிட்டார். பாயின் ஞாயிறு பிழைத்தது.

கூட்டம் கலைந்ததும் கையெழுத்துகளை எண்ணினேன். எனக்குத் தெரிந்தவரை நாற்பது பேர். நாற்பத்தொன்றாவதாக, சீரான நீல மையில், கீழே ஒரு கோட்டுடன்: ஆர்.என்.ஏ.

தன் ஆட்கள் யாரும் அப்படி விளையாடவில்லை என்று தாடிக்காரர் சத்தியம் செய்தார். கடைசி பெஞ்சில் ஒருவர் முடியும்வரை ரெயின்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்ததாகக் காவலாளி சொன்னார். பாயிடம் கேட்டேன். கூட்டத்துக்கு முன்பே பலகையில் வரைந்து வைத்திருந்த படத்தை அழித்துக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை.

"சொவத்துல மூணெழுத்து போட்டோம். அந்த மூணெழுத்துக்காரரு வந்து உக்காந்துட்டுப் போயிருக்காரு. இதுல என்ன அதிசயம்? அதத்தான சாயங்காலம் பூரா சொல்லிட்டு இருக்கேன்."

அந்தக் கையெழுத்து மேனேஜருடையதுதானா என்று இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை. பாயே போட்டிருப்பார் என்கிறவர்கள் உண்டு. அவரிடம் நீல மைப் பேனா இருந்ததில்லை. என்னுடையது மேஜைமேல் திறந்து கிடந்தது. இந்த இரண்டு விவரத்தையும் குறிப்பேட்டில் பதிந்து வைத்திருக்கிறேன். அந்தக் கையெழுத்துக்கு எதிரே ‘சரிபார்க்கப்படவில்லை’ என்பதை மட்டும் பென்சிலால் எழுதினேன். பாய் ஊருக்குப் போய் வருடங்களாகிவிட்டன. என்றைக்காவது வந்து அதை அழிப்பார். படித்துவிட்டுத்தான் அழிப்பார்.