ஜன்னலோர நாற்காலியும் ஐந்து ரோஜாக்களும்

கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கு வீட்டில் ஒரே ஒரு ராஜ்ஜியம்தான் மிச்சம் இருந்தது. ஜன்னலோரம் கிடந்த சாய்வு நாற்காலி. அதற்கும் அன்று காலை ஆபத்து வந்தது.

"அந்த இடத்துல ஒரு சின்ன மேசை போட்டு, தினமும் புதுப் பூ வைக்கப் போறேன்" என்றாள் மனைவி.

"அப்ப நான் எங்கே உட்கார்றதாம்?"

"பின்னால சாமான் அறை இருக்கே."

"இங்க பாரு, பூ மூணாம் நாளே தலை தொங்கிடும். அதுக்காக என் நாற்காலி போகணுமா?"

"ஏழு நாள் வாடாம வச்சுக் காட்டறேன். காட்டினா நாற்காலி உள்ளே போகுது. ஒரு பூ வாடினாலும் அப்புறம் நான் பூப் பேச்சையே எடுக்கலை. சரியா?"

கடிகாரக்காரர் வாயெல்லாம் பல்லாகச் சம்மதித்தார். தானாக வந்து வலையில் விழுகிறாளே, பாவம்!

சாப்பாட்டு மேசையில், சுவரை ஒட்டி, ஒரு கண்ணாடிக் குவளையில் ஐந்து மஞ்சள் ரோஜாக்கள் ஏறின. மூன்றாம் நாள் சாயங்காலம் கடையிலிருந்து ஆசையாக ஓடிவந்தார். ரோஜாக்கள் அப்போதுதான் பறித்ததுபோல் சிரித்தன.

அவருக்கு நம்ப முடியவில்லை. கூடவே ஒரு குறுகுறுப்பு. எதையும் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தொழில் அப்படி. ஒற்றைக் கண் லென்ஸை மாட்டிக்கொண்டு இதழ் இதழாக ஆராய்ந்தார். குவளைத் தண்ணீரில் விரலை விட்டு நக்கியும் பார்த்தார்.

"தாகமா இருந்தா சொம்புல தண்ணி இருக்குங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

பூவை மாற்றுகிறாளோ? நாலாம் நாள் காலை, முன்னால் இருந்த ரோஜாவின் காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். இதழின் அடியில் பேனாவால் ஒரு நீலப் புள்ளி. இனி எப்படித் தப்பிப்பாள்?

சாயங்காலம் பார்த்தால் நூல் இருந்தது. புள்ளியும் இருந்தது. ரோஜாவும் புதுமணப்பெண் மாதிரி நின்றது! போதாக்குறைக்கு எதிர்வீட்டு ஜன்னல் நிறைய மஞ்சள் ரோஜா. "அந்த வீட்டுக்கும் பூப்பைத்தியம் தொத்திக்கிச்சு" என்று முணுமுணுத்தார்.

ஐந்தாம் நாள் கடையில் ஒரு கடிகாரத்துக்கு முள்ளை மாற்றி மாட்டி, ஒரு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். சர்க்கரையா? மாத்திரையா? மந்திரமா? ஆறாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேரே லென்ஸோடு நூல் கட்டிய ரோஜாவிடம் போனார். நிமிர்ந்து நின்றது. அவர் நொறுங்கிப்போனார்.

"அம்மா தாயே, நாற்காலியை இப்பவே எடுத்துக்கோ. ரகசியத்தை மட்டும் சொல்லிடு. மண்டை வெடிச்சிடும் போல இருக்கு!"

"நாளைக்குத்தானே ஏழாம் நாள்? அவசரம் என்ன?"

"நாளை வரைக்கும் தாங்காதுடி!"

"அப்ப முதல்ல நாற்காலி."

முக்கி முனகி, நாற்காலியைச் சாமான் அறையில் கொண்டுபோய்ப் போட்டு, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"நீங்க கடைக்குப் போனதும் பூவை மாத்திட்டு வந்தேன்" என்றாள்.

"நூல்?"

"அவிழ்த்துப் புதுப் பூவுல கட்டினேன்."

"புள்ளி?"

"பேனாவை மேசை மேலேயே வச்சிட்டுப் போயிருந்தீங்களே."

"பழைய பூ?"

அவள் எதிர்வீட்டு ஜன்னலைக் கையால் காட்டினாள்.

"ஏமாத்து வேலை! பந்தயம் செல்லாது!"

"செல்லாட்டிப் போகட்டும். நாற்காலியை நீங்க பந்தயத்துல தோக்கலையே. ரகசியத்துக்குத்தானே கொடுத்தீங்க? ரகசியத்தை நான் சொல்லிட்டேன்."

கடிகாரக்காரர் காலியாகிப்போன ஜன்னலோரத்தைப் பார்த்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. பிறகு தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். "போகட்டும். எப்படியும் நாளைக்கு நீ ஜெயிச்சிருப்பே. இன்னைக்கே போச்சுன்னு நினைச்சுக்கறேன்."

"எங்கே ஜெயிக்கிறது? பூக்காரம்மா ஊருக்குப் போயி ரெண்டு நாளாச்சு, மாத்தப் புதுப் பூவே கிடைக்கலை" என்றபடி அவள் குவளையை மெல்லத் திருப்பினாள். "நூல் கட்டின பூவையே லென்ஸ் வச்சுப் பார்த்தீங்களே தவிர, சுவர்ப் பக்கம் இருந்த இந்த ரெண்டும் காலையிலேயே தலை தொங்கினதைப் பார்க்கலையேங்க!"