தேவாங்கின் காப்பகத்துக்கு வந்த முதல் ஆய்வாளர்

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு வேலை பார்த்து வந்தது. ‘வாழ்ந்து வந்தது’ என்றுதான் கதைகளில் சொல்வது வழக்கம். ஆனால் அகல்விழி என்ற அந்தத் தேவாங்குக்கு வாழ்வதற்கு நேரம் கிடைக்கவில்லை. காட்டின் மின்னணு ஆவணக் காப்பகத்துக்குத் தலைவரும் அதுதான், எழுத்தரும் அதுதான், கூட்டிப் பெருக்குவதும் அதுதான்.

காப்பகம் ஒரு பெரிய நாவல் மரத்தின் பொந்தில் இருந்தது. உள்ளே ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், மரத்தின் உச்சியில் ஒரு சோலார் பேனல். காட்டில் உள்ள எதுவும் அழிந்துவிடக் கூடாது என்பது அகல்விழியின் கொள்கை. கரடிகள் மரப்பட்டையில் கீறி வைத்த தேன்கூட்டு வரைபடங்களை அது படமெடுத்துச் சேர்த்தது. சாரைப்பாம்பு உரித்துப் போட்ட சட்டையைச் செதில் செதிலாக ஸ்கேன் செய்தது. காகங்கள் ஊருக்குள்ளிருந்து பொறுக்கி வந்த கல்யாணப் பத்திரிகைகள், தேர்தல் துண்டறிக்கைகள், பாதி கிழிந்த பஸ் டிக்கெட்டுகள் எல்லாம் அங்கே இருந்தன. யானைச் சாணத்தை நாலு பக்கத்திலிருந்தும் படமெடுத்து, ‘உணவுப் பண்பாடு’ என்று பெயரிட்டு வைத்திருந்தது. தூக்கணாங்குருவி பாதி கட்டிவிட்டுப் பிடிக்காமல் விட்டுப்போன கூடு கூட அங்கே பத்திரமாக இருந்தது. குருவி மனம் மாறித் திரும்பி வந்தபோது அதற்குத்தான் கூடு இல்லை.

எல்லாம் இருந்தன, பார்க்க வருகிறவர்கள்தான் இல்லை. வருகைக் கணக்கில் காட்டியதெல்லாம், கணினி வேலை செய்கிறதா என்று பார்க்க அகல்விழியே உள்ளே போய் வந்ததுதான்.

ஒரு நாள் சிங்க மகாராஜாவின் குகையிலிருந்து ஆள் வந்தது. வந்தது ஒரு கீரி.

“மேடம், மகாராஜா குகையில புழுக்கம் தாங்கல. இங்க யாரும் வர்றதில்லைன்னா, அந்த சோலார் பேனலக் கழட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்கார். ஃபேன் போடணுமாம்.”

“வருவாங்க தம்பி. ஆராய்ச்சின்னா மெதுவாத்தான் நடக்கும்.”

“மழைக்காலம் வரைக்கும் பாப்போம்னு சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் அவருக்கே ஃபேன் வேணாம், ஆனா கோபம் இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கீரி போய்விட்டது.

அகல்விழி வருகைக் கணக்கை இன்னொரு முறை பார்த்தது. யாருக்காவது வேண்டியதாக ஏதாவது சேர்க்க வேண்டும் என்று எண்ணி, ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு புல்வெளிக்குக் கிளம்பியது. பகல் வெளிச்சத்தில் கண் கூசியது. ஆனால் அலுவலக நேரம் பகல்தானே.

அங்கே மருதாயி என்ற புள்ளிமான் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் குட்டி பொட்டு சற்றுத் தள்ளி ஒரு வண்ணத்துப்பூச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, நீங்க உங்க பிள்ளையக் கூப்பிடுற குரலைப் பதிவு பண்ணிக்கலாமா?” என்று அகல்விழி கேட்டது.

“அத வச்சு என்னம்மா பண்ணப் போற?”

“வருங்காலத் தலைமுறை கேக்கும்.”

“என் வருங்காலத் தலைமுறை அந்தா நிக்குது. தினமும் கேட்டுட்டுத்தான் இருக்கு. கேட்டாலும் உடனே வர்றதில்ல.”

“காலம் மாறிப் போயிரும்க்கா. குரல் மறைஞ்சு போயிரும்.”

குரல் மறைந்து போகும் என்று கேட்டதும் மருதாயி மேய்வதை நிறுத்தியது. சரி என்று தலையசைத்தது. “ங்யே… ங்யே…” என்று கூப்பிட்டது. பொட்டு வண்ணத்துப்பூச்சியை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடி வந்து தாயின் வயிற்றில் முட்டியது. அந்தப் பக்கத்தில் இருந்த மற்றத் தாய்மான்களும் வரிசையில் நின்று கூப்பிட்டுக் கொடுத்தன. அகல்விழி பின்னணி இரைச்சலை எல்லாம் நீக்கி, அந்தக் குரல்களைப் பளிங்குபோல் ஆக்கி, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று காப்பகத்தில் ஏற்றி வைத்தது.

அந்த வாரமே காப்பகத்துக்கு முதல் ஆய்வாளர் வந்தார்.

உக்கிரசேனன் என்ற கிழப்புலி அது. இடுப்பு பிடித்துக்கொண்டதால் ஓட முடியாது. கோரைப்பல்லில் ஒன்று உடைந்திருந்தது. நாவல் மரத்தடியில் மரியாதையாக உட்கார்ந்து, தொண்டையைச் செருமியது.

மேலே இருந்த அகல்விழிக்கு நடுக்கம் எடுத்தது. “ஐயா, நான் ஒரு வாய்க்குக் கூடக் காண மாட்டேன்.”

“தப்பா நினைச்சிட்டீங்க. நான் படிக்க வந்திருக்கேன்.”

படிக்க! அகல்விழியின் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. நடுக்கமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. “என்ன தலைப்புங்கய்யா?”

“தாய்மான்களின் அழைப்பொலியும் குட்டிகளின் நம்பிக்கையும்.”

“அருமையான தலைப்பு! வெறும் ஏட்டுப் படிப்பா, களப்பணி உண்டா?”

“களப்பணிதான் முக்கியம்” என்றது புலி. “காது கொஞ்சம் மந்தம். சத்தமாக் கேக்குற மாதிரி ஏதாவது இருக்குமா?”

அகல்விழி ஓடிப்போய் ஒரு சின்ன ஸ்பீக்கரில் எல்லாக் குரல்களையும் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. கூடவே, எந்தக் குரல் எந்த மானுடையது, அது எந்த இடத்தில் மேயும், குட்டிக்கு என்ன வயது என்ற விவரங்களையும் விளக்கிச் சொன்னது. விவரம் இல்லாத ஆவணம் வெறும் குப்பை என்பது அதன் துறையில் பாலபாடம். புலி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, நொண்டி நொண்டிப் போனது. அகல்விழி வருகைக் கணக்கைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தது.

அதற்குப் பிறகு புல்வெளியில் குட்டிகள் காணாமல் போகத் தொடங்கின.

முதலில் செங்காலியின் குட்டி போனது. “நான் கூப்பிடவே இல்லை, ஆனா அது கூப்பிட்ட பிள்ளை மாதிரி துள்ளிக்கிட்டு ஓடுச்சு” என்று செங்காலி அழுதது. யாரும் நம்பவில்லை. பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று கூட்டமே பேசியது. மருதாயியும் அப்படித்தான் பேசியது. அடுத்து இன்னொரு குட்டி போனது. அந்தத் தாயையும் அப்படியே பேசினார்கள்.

ஒரு காலை மருதாயி வாய் நிறையப் புல்லோடு நின்றுகொண்டிருந்தபோது, உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து அதன் குரல் கேட்டது.

“ங்யே… ங்யே…”

மருதாயியின் வாய் மூடித்தான் இருந்தது. ஆனால் குரல் அதனுடையதுதான். ஆசையான, அவசரமில்லாத, பளிங்குபோன்ற குரல். பொட்டு காதை நிமிர்த்தியது. புதரைப் பார்த்து ஓடத் தொடங்கியது.

மருதாயி புல்லைத் துப்பிவிட்டுக் கூப்பிட்டது. பயத்தில் தொண்டை அடைத்து, குரல் கரகரவென்று வந்தது. பொட்டு ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தது. இரண்டு அம்மாக்கள் கூப்பிடுகிறார்கள். ஒரு குரல் சுத்தமாக இருக்கிறது. இன்னொன்று யாரோ கழுத்தை நெரித்ததுபோல் இருக்கிறது. குட்டி சுத்தமான குரலை நம்பியது. மறுபடி புதர்ப் பக்கம் திரும்பியது.

மருதாயி கூப்பிடுவதை நிறுத்தியது. முன்னங்காலால் தரையை ஓங்கி உதைத்து, ஆபத்துக்குக் கொடுக்கும் குரலைக் கொடுத்தது. மரத்திலிருந்த குரங்குகள் அதைக் கேட்டு அலறின. காடே அதிர்ந்தது. பொட்டு நின்ற இடத்தில் உறைந்தது. அதே கணத்தில் புதரிலிருந்து பாய்ந்த உக்கிரசேனனின் நகம் பொட்டுவின் காது நுனியைக் கிழித்துக்கொண்டு போனது. இடுப்புப் பிடிப்பு குறுக்கே வந்ததால் உடம்பு தவறி விழுந்தது. தாயும் பிள்ளையும் ஓடிவிட்டன. பின்னால் புதருக்குள் ஸ்பீக்கர் மட்டும் “ங்யே… ங்யே…” என்று அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அன்று மதியம் மருதாயி நேராக நாவல் மரத்தடிக்குப் போனது.

“என் குரலை அழிச்சிரு.”

நடந்ததைக் கேட்டு அகல்விழியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அது நல்ல தேவாங்குதான். “பாவம் குழந்தை! காது வலிக்குதா? ஆனா அக்கா, அழிக்கிறதுக்கு இங்க வழியே இல்ல. பாதுகாக்கிறதுதான் எங்க வேலை. பக்கத்துக் காட்டுலயும் ஒரு பிரதி இருக்கு, மலைக்கு அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கு. உங்க குரல் இனிமே அழியவே அழியாது.”

“என் பிள்ளை அழிஞ்சிருமேம்மா!”

“பிள்ளையோட குரலும் பதிவாகியிருக்கு அக்கா. கவலைப்படாதீங்க.”

மருதாயி அகல்விழியை அண்ணாந்து பார்த்தது. திட்டலாமா என்று யோசித்தது. திட்டினாலும் இது பதிவு செய்துதான் வைக்கும் என்று தோன்றியது. பொந்துக்குள் ஒளிர்ந்த திரையைப் பார்த்தது. மான், கரடி, காகம், பாம்பு என்று பிரிவுகள் தெரிந்தன.

“புலிக்கு என்னம்மா வச்சிருக்க?”

அகல்விழி கூச்சத்தோடு சொன்னது: “ஒரு கால்தடம் இருக்கு. அதுவும் பாதி.”

“அவ்வளவுதானா? நாளைக்கு யாராவது பாத்தா, இந்தக் காட்டுல புலியே இல்லைன்னுல்ல நினைப்பாங்க?”

குறை! தொகுப்பில் குறை! அகல்விழிக்கு ஊசி குத்தியதுபோல் ஆயிற்று. “ஐயாவோட உறுமலை ஒருநாள் பதிவு பண்ணிரலாம்.”

“ஒருநாள் உறுமினா அதுல என்ன இருக்கு? அவர் மூச்சு விடுறது, நடக்கிறது, பதுங்குறது, கொட்டாவி விடுறது எல்லாம் வேணாமா? கழுத்துலயே கருவியக் கட்டிவிட்டா எப்பவும் பதிவாகும். அப்படியே காடு முழுக்கக் கேக்குற மாதிரி ஒலிபரப்பினா, காப்பகத்துக்கு எத்தனை பேர் வர்ற மாதிரி கணக்காகும்?”

அகல்விழி இறங்கி வந்து மருதாயியின் கொம்பில்லாத தலையைக் கட்டிக்கொண்டது. இப்படி ஒரு யோசனை இத்தனை காலத்தில் தனக்குத் தோன்றவில்லையே என்று வருந்தியது.

உக்கிரசேனன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “கழுத்துல கட்டுறதா? நாய்க்குக் கட்டுறாப்பல இருக்குமே.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கய்யா. இது பதக்கம். இந்தக் காட்டுலயே முதல் ஆய்வாளருக்குக் காப்பகம் செய்யிற மரியாதை. நீங்க போனாலும் உங்க மூச்சு நிலைச்சு நிக்கும்.”

புலி கழுத்தை நீட்டியது.

மரங்களில் எல்லாம் ஒலிபெருக்கிகள் தொங்கின. அன்றிலிருந்து காடு முழுவதும் உக்கிரசேனன்தான். சருகு மிதிபட்டால் குளத்தங்கரையில் கேட்கும். “அப்பாடா, இடுப்பு” என்று முனகினால் புல்வெளியில் கேட்கும். மூச்சை அடக்கிப் பதுங்கினால், அந்த அடக்கிய மூச்சு மலைச்சரிவு வரைக்கும் கேட்கும். மான்கள் நிதானமாக வேறு பக்கம் நடந்து போயின. புலிக்கோ ஆரம்பத்தில் பெருமை தாங்கவில்லை. தன் மூச்சு மரத்திலிருந்து வருவதைக் கேட்டு, வேட்டையை மறந்து நின்று ரசித்தது. எல்லா விலங்குகளும் தன் மூச்சைக் கேட்கின்றன என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஏன் கேட்கின்றன என்றுதான் யோசிக்கவில்லை.

விலா எலும்பு தெரியத் தொடங்கிய பிறகு நாவல் மரத்தடிக்கு வந்தது.

“மேடம், இதக் கழட்டி விடுங்க.”

“ஐயா, தொடர்பதிவு! நடுவுல நிறுத்தினா தொகுப்பே வீணாயிரும்.”

“பசிக்குதும்மா.”

“தெரியும்யா. வயிறு இரையிறது ரொம்பத் தெளிவா வந்திருக்கு. அதத்தான் எல்லாரும் அதிகமாக் கேக்குறாங்க.”

கழற்றத் தெரிந்தது அகல்விழிக்கு மட்டும்தான் என்பதால் புலி அதை ஒன்றும் செய்யவில்லை. மலையைத் தாண்டிப் போய்ப் பார்த்தது. அங்கேயும் பிரதி இருந்தது. அங்கேயும் மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி இருந்தது. திரும்பி வந்து, ஆற்றங்கரைப் பாறையடியில் படுத்தது.

முதல் மழை பெய்த ஒரு பிற்பகலில் ஒலிபெருக்கிகளில் மூச்சு மெலிந்து வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவில் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு மழை மட்டும் கேட்டது. புல்வெளியில் மருதாயி அசையாமல் நின்றது. சந்தோஷப்பட வேண்டும் என்று அதற்குத் தெரிந்தது. வாயிலிருந்த புல்லை மெல்லத்தான் முடியவில்லை. பக்கத்தில் நின்ற செங்காலி, “இத இப்படிக் கேட்டுட்டு நிக்கிறியே, அன்னைக்கு நான் சொன்னப்ப ஒரு வார்த்தை கேட்டியா?” என்றது. மருதாயி தலை குனிந்தது.

“உன்னைத் தப்பாப் பேசிட்டேன், செங்காலி.”

“பேசினது பேசினதுதான்” என்று சொல்லிவிட்டு செங்காலி மேயப் போனது.

சிங்க மகாராஜா அந்த ஒலிபரப்பை ஒன்று விடாமல் கேட்டிருந்தார். ஒரு புலி பசியால் இறந்ததைப் படுத்தபடியே கேட்க முடிந்தது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. காப்பகத்துக்கு இரண்டாவது சோலார் பேனல் வந்தது. உக்கிரசேனன் பெயரில் பொந்துக்குப் பக்கத்துப் பொந்தில் ஒரு கேட்பறை திறந்தார்கள். அகல்விழி உண்மையாகவே தேம்பி அழுதது. அது இழந்தது முதல் வாசகரை அல்லவா?

பொட்டு வளர்ந்துவிட்டது. ஆனால் இன்றுவரை யார் கூப்பிட்டாலும் வருவதில்லை. மருதாயிதான் நடந்துபோய், மூக்கால் தொட்டு அழைத்து வர வேண்டியிருக்கிறது.

அப்படி ஒருநாள் அழைத்து வரும்போது அகல்விழி வழிமறித்தது. கையில் கருவி இருந்தது. “அக்கா, புலி ஐயா நினைவா நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்.”

மருதாயி வாயை இறுக மூடிக்கொண்டு, அது போகும்வரை நின்றது.

அகல்விழி அதையும் பதிவு செய்து, ‘மான், அஞ்சலி, சொற்கள் இல்லை, ஒலித்தரம் மிக நன்று’ என்று விவரம் எழுதிச் சேர்த்தது.

நீதி: புலிக்கு யார் மணி கட்டுவது என்று கூட்டம் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மணி என்று சொல்லாமல் பதக்கம் என்று சொல்லுங்கள்; கழுத்தை அதுவே நீட்டும்.