அமரர் கனகர் பரிமாறிய சோறு

பிடித்த சாப்பாட்டுக்கடை ஒன்று மூடப்படுவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காதலித்தவள் வேறிடத்தில் கல்யாணம் கட்டிப் போனால் ஒரு பெருமூச்சோடு விட்டுவிடுவேன். நல்ல சாம்பார் போனால் ஏதாவது செய்தே தீரவேண்டும். அந்த 'ஏதாவது'தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி வெள்ளவத்தையைக் கடலில் இறக்கியது.

இரண்டாம் உலக யுத்தகாலம். அரிசி, ஆளுக்கு இவ்வளவென்று அளந்து தரும் கூப்பனுக்குப் போயிருந்தது. நான் கொழும்பு புறக்கோட்டையில் கிளாக்கர். (அது வெளியே. உள்ளே இருந்தவன் மகாகவி.) மூன்று வேளையும் சாப்பாடு, வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்திலிருந்த கனகர் கடையில். பெயர்ப்பலகை கிடையாது. முதலாளி கனகர், ஆகவே கடையும் கனகர். ரயில் போகும்போது கிண்ணத்தில் ரசம் நடுங்கும். கடற்காற்று உள்ளே வந்து தோசையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகும்.

ஒருநாள் கனகர் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னார். கூப்பன் அரிசியில் கடை நடத்த ஏலாதாம். கைவசமிருந்த கடைசி அரிசி முழுவதையும் ஞாயிறு மத்தியானம் வடித்து, வாடிக்கைக்காரர் எல்லோருக்கும் போட்டுவிட்டுப் போவதென்று முடிவு.

"ஒரு பருக்கையும் மிஞ்சக்கூடாது, தம்பி. ஆக்களைக் கூப்பிடுறது உம்மட பொறுப்பு."

மகாகவி எழுந்து உட்கார்ந்தான். கடைக்கு உரிய பிரியாவிடை கொடுக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். எங்கள் ஆட்கள் செத்தவர்மேல் பாடி அச்சடித்துக் கொடுக்கும் சரமகவியைக் கடையின்மேல் பாடினேன். தலைப்பு: 'அமரர் கனகர்'. (அழியாப் புகழ் என்ற பொருளில்!)

எமைவிட்டுப் போனீரோ எங்கள் கனகரே
இனிக்காலைத் தோசைக்கு எவரிடம் போவோம்

கடைசியில், 'ஞாயிறு நண்பகல் அனைவரும் வந்து விடைகொடுத்தருள்க.'

கொட்டாஞ்சேனை அச்சுக்கூடக்காரர் தலைப்பைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் சுற்றிவரக் கறுப்புக் கரை போட்டுத் தந்தார். கரை எனக்கு அழகாகவே தெரிந்தது. சனிக்கிழமை முழுவதும் வெயிலில் அலைந்து கதவிடுக்குகளில் செருகினேன். தோசை வரியாவது என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆனால் கறுப்புக் கரையைக் கண்டவர்கள் அந்த வரிவரை போகவில்லை.

ஞாயிறு மத்தியானம். வாழையிலைகள் விரித்தாயிற்று. சோறு மலையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஈ வந்தது, ஆள் வரவில்லை. கனகர் சோற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த நாட்களில் அவ்வளவு சோறு வீணாவதென்றால் அது கொலைக்குச் சமம். நான் கடலைப் பார்த்தேன்.

வரவேண்டிய கூட்டம் முழுவதும் அந்நேரம் கிருலப்பனையில் கனகர் வீட்டு வாசலில், வெள்ளை வேட்டியும் குடையுமாகத் தலைகுனிந்து நின்றிருக்கிறது. பிரேதம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். காலையில் கடைக்கு நடந்து போனதே என்றிருக்கிறார் கனகரின் மனைவி. யாரோ என் கவிதையை நீட்டியிருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் அந்த மனைவி முன்னால் வர, ஊர்வலம் பின்னால் வர, எல்லோரும் கடை வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே அமரர் கையில் அகப்பையோடு நின்றார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் செத்துப்போனியளாம்," என்றார் மனைவி, மூச்சு வாங்க. "நான் உலையை இறக்கிப்போட்டு ஓடி வாறன்."

"ஆர் சொன்னது?"

எல்லோரும் கையிலிருந்த தாளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

கனகர் என்னை அடிக்க விடவில்லை. "முதல்ல சாப்பிடுங்கோ," என்றார். யாரும் அசையவில்லை. கூட்டத்திலிருந்த பிரக்கிராசி ஒருவர், கோர்ட்டில் வழக்குப் பேசுகிறவர், தொண்டையைச் செருமினார்.

"செத்தவீட்டுக்கெண்டு வெளிக்கிட்டிட்டம், கனகர். தீட்டுப் பட்டாச்சு, முழுகாமல் கை நனைக்கேலாது."

"செத்தது ஆர்?"

"அது வேற கதை. துடக்கு துடக்குத்தான்."

கனகர் அகப்பையால் மேற்கைக் காட்டினார். "அந்தா கிடக்குது கடல். கெதியா முழுகிப்போட்டு வாங்கோ. சோறு ஆறுது."

போனார்கள். குடைகளைத் தண்டவாள ஓரத்தில் விரித்து வைத்துவிட்டு, வெள்ளை வேட்டிகள் வரிசையாக அலைக்குள் இறங்கின; கடல் ஒருகணம் மல்லிகைப்பூக் கூடைபோல இருந்தது. (மகாகவி அப்போதும் திருந்தவில்லை.) நானும் முழுகினேன். ஈரம் சொட்டச் சொட்ட இருந்து எல்லோரும் சாப்பிட்டோம். ஒரு பருக்கை மிஞ்சவில்லை. எனக்குப் பரிமாற வந்த கனகர், கவிதையை உரக்கப் படிக்கச் சொன்னார். தோசை வரியில் அவர் கண் கலங்கியது.

"எல்லாம் சரி, தம்பி," என்றார் முடிவில். "சாம்பாரைப் பற்றி ஒரு வரி இல்லையே."

பின்னேரம் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு, "போட்டு வாறன்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு, மனைவியோடு நடந்தே போனார்.

இன்றைக்கும் எங்காவது ஒரு சாப்பாட்டுக்கடையை மூடப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால் கடைசி நாளுக்குப் போகாமல் விடமாட்டேன். என் மனைவி தடுப்பதில்லை. பேனையை மட்டும் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டு, தலை துவட்ட ஒரு துவாயைக் கையில் தருவாள்.

"முழுகிப்போட்டே சாப்பிடுங்கோ."