சேனை வைக்க வர வேண்டாம், மச்சான்

மரியாதைக்குரிய மச்சான் கருத்தக்கண்ணன் அவர்களுக்கு, அல்லிநகரத்திலிருந்து சுருளிராஜன் கும்பிட்டு எழுதுவது. மகள் பவானிக்குப் பெண் குழந்தை பிறந்து தாயும் சேயும் நலம். நான் சுமார். போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுத் தேவாரம் ஊர் முழுக்கக் கேட்க வைத்துவிடும் என்பதால் கடிதம்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் தேன் தொட்டுச் சேனை வைப்பவரின் குணம்தான் குழந்தைக்கு வரும் என்று, நம் சனத்திலேயே கோபப்படத் தெரியாத உங்களை மலைத்தேனோடு வரச் சொல்லியிருந்தேன் அல்லவா? சம்பந்தியம்மாள் மாயக்காள் முந்திக்கொள்ளக் கூடாதே என்பதுதான் என் பயமெல்லாம். அந்த அம்மா வாயைத் திறந்தால் போடி பஸ் ஸ்டாண்டே ஒதுங்கி நிற்கும். அதனால் உங்களை எதிர்பார்த்து ஆஸ்பத்திரி வாசலிலேயே காவல் நின்றேன். பிறகு உள்ளே போனால் டாக்டரம்மா, "ஒரு வயசு வரைக்கும் தேன் கூடவே கூடாது, அதுல இருக்கிற கிருமி பச்சப்புள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டது. நல்லவேளை மச்சான், உங்கள் பஸ் தவறியது.

உங்கள் தங்கை மகாலட்சுமி சும்மா இருப்பாளா? குழந்தை மேல் வெண்ணெய் பூசியதுபோல் இருந்ததைத் துடைக்கத் துண்டோடு பாய்ந்தாள். டாக்டரம்மா தடுத்துவிட்டது. அது கிருமியைத் தடுக்கும் காவலாம், தொடக் கூடாதாம். "எம் பேத்திய அழுக்காவே வச்சிருக்கச் சொல்றீகளா?" என்று இவள் சண்டைக்கு நிற்க, நான் சமாதானம் செய்யப் போய், "அதை விடு, அந்த மஞ்சள் பாலையாவது பீச்சிக் கீழே ஊத்து" என்று தொலைத்தேன். கட்டிலில் கிடந்த பவானி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யப்பா, நம்ம பசு கன்னு போட்டா சீம்பாலுக்குச் சட்டியத் தூக்கிட்டு முதல்ல ஓடுறது நீங்கதான். மாட்டுதுன்னா சத்து, எம் பாலுன்னா கழிவா?"

அதுதான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்தாம். பவானிக்கு அம்மை போட்டபோது அழுது புரண்டு கௌமாரிக்குத் தீச்சட்டி நேர்ந்தோமே, அப்போது அவள் உடம்பு சேர்த்துவைத்த எதிர்ப்புச் சக்தியும் தொப்புள்கொடி வழியாகப் பேத்திக்குப் போயிருக்கிறதாம். மாப்பிள்ளை கேட்காமலே போன ஒரே சீதனம் இதுதான்.

ஆகவே சேனையும் வேண்டாம், குணம் ஒட்டும் என்ற மூடநம்பிக்கையும் வேண்டாம். நான் இப்போது விஞ்ஞானக் கட்சி. தேனை எனக்கு அனுப்புங்கள், இருமல் இருக்கிறது. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கௌமாரி எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
சுருளிராஜன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது உங்கள் தங்கை வந்து சொல்கிறாள். குழந்தை முதலில் பால் குடிக்க மறுத்ததாம். நர்ஸ் சீம்பாலைப் பாலாடையில் எடுத்து, "யாராச்சும் கொடுங்கம்மா" என்றதும் வாங்கி ஊட்டியது மாயக்காளாம். நான் வாசலில் காவல் நின்ற நேரமாம் அது! குழந்தை போடும் சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் இப்போதே வேறு அறை கேட்கிறார்கள். விஞ்ஞானம் கிடக்கட்டும் மச்சான், கிடைத்த பஸ்ஸில் ஏறி வாருங்கள். தேன் வேண்டாம். குழந்தை பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாவது இருங்கள், கொஞ்சம் ஒட்டுகிறதா பார்ப்போம்.